நானாவின் எயார் ரைபிளும் நான் மாட்டிய பைப்பும்

நானா,

இன்று காலை தலைக்கு வைக்கலாம் என்று தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டும் இறங்கவில்லை. வெள்ளையாக உறைந்து கிடந்தது. கட்டுகஸ்தோட்டையில் தை மாதக் குளிருக்கு இது புதிதில்லை. ஆனாலும் போத்தலைப் பிடித்தபடி குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். "என்னங்க மாமா, சுடுதண்ணி ஆறிப்போகுது" என்று மருமகள் சொன்ன பிறகுதான் அசைந்தேன். எண்ணெய் உறைந்துவிட்டது என்று உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. வேறு யாரிடம் சொன்னாலும் வெயிலில் வை என்பார்கள். அண்ணனாக நினைத்து நானா என்று நான் கூப்பிட்ட நீங்கள் ஒருவர்தான் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

அதனால் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் எழுதவும் அலுப்பாகத்தான் இருக்கிறது. கண் கூசுகிறது, விரல் மடங்க மாட்டேன் என்கிறது. போய்ச் சேர்ந்த மனிதருக்கு எழுதுவதில் என்ன பயன் என்று ஒரு பக்கம் மனம் முணுமுணுக்கிறது. முணுமுணுக்கட்டும். உங்களைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்திருக்கிறது. அதை உங்களிடமே சொல்லிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும்.

கண்டி டவுனில் உங்கள் ஹார்ட்வெயார் கடையை மூடிவிட்டு அலவத்துகொடத் தோட்டத்தோடு ஒதுங்கிய காலம் அது. நானும் மாநகரசபைத் தண்ணீர்ப் பகுதியின் களஞ்சியத்திலிருந்து பென்சன் எடுத்து வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாத்தளை பஸ்ஸில் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒரு ஞாயிறு வந்தபோது கூரை ஓடுகள் முற்றத்தில் சிதறிக் கிடந்தன. குரங்குக் கூட்டம் வாழைக்குலைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, குரும்பைகளையும் கடித்து எறிந்துவிட்டுப் போயிருந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த உங்கள் மகன் ஏணியில் நின்று ஓடு மாற்றிக்கொண்டிருந்தான். வியர்வையைத் துடைத்தபடி கீழே இறங்கி உங்களிடம் சொன்னான்: "வாப்பா, அடுத்த வருஷமும் இப்பிடித்தான் எண்டா தோட்டத்த வித்துட்டு ரெண்டு பேரும் எங்களோட வந்துருங்க. ஒங்கட நெஞ்சோட இதுகள வெரட்ட ஏலுமா?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அப்போதே உங்களுக்கு இரைப்பு இருந்தது. கிணற்றடிக்குப் போய் வந்தால் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அவன் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "தம்பி, மகன்ட வீடு ஏழாம் மாடியில. கால வெச்சா மண்ணு ஈக்காது. நான் இங்கயே மவுத்தாகோணும், இந்த மண்ணுலயே அடங்கோணும். அதுக்கு இந்தக் கொரங்குகள நான் வெரட்டிக் காட்டோணும்." வழக்கமாக எதையும் கேலியாகச் சொல்லும் நீங்கள், அன்று கேலி செய்யவில்லை.

அடுத்த வாரமே பொலிஸில் கேட்டு, பதிந்து, ஒரு எயார் ரைபிள் வாங்கி வந்தீர்கள். இருந்ததிலேயே மலிவானது. பாதிக்கு மேல் பிளாஸ்டிக். குழாய்க்கு அடியில் இருக்கும் பிடியைத் திறந்து திறந்து மூடிக் காற்று ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற வேகம் கூடும், கையும் நோகும். முதல் நாள் பலாமரத்தில் பிஸ்கட் பெட்டியின் அட்டையை ஒட்டிவிட்டு, வாங்குப் பலகையில் உட்கார்ந்து சுட்டுப் பார்த்தோம். அட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குண்டு பட்டது. குறிபார்க்கும் தகடு ஆடிக்கொண்டிருந்தது. விசையை இழுத்தால் துவக்கே பக்கவாட்டில் திரும்பியது. ஏற்றிய காற்று எங்கேயோ சீறிக்கொண்டு வெளியே போனது. "சாமான் பரவால்ல தம்பி," என்றீர்கள், "சுடுறவனுக்கு ஒரு ஆபத்தும் இல்ல, கொரங்குக்கும் இல்ல."

தகட்டுக்கு அடியில் தீக்குச்சித் துண்டைச் செருகினீர்கள். ஆட்டம் நின்றது. விசைச் சுருளில் பாதியை வெட்டினீர்கள், இழுப்பு லேசானது. காற்றுக் கசிவு மட்டும் என் பொறுப்பாயிற்று. நான் வாஷர்களுக்குக் கணக்கு எழுதியவன், மாட்டியவன் இல்லை. இருந்தாலும் விடுவேனா? மண்ணெண்ணெய் அடுப்புப் பம்பின் தோல் வாஷரை அளவுக்கு நறுக்கி, தேங்காய் எண்ணெயில் ஊறப் போட்டு மாட்டினேன். அன்று பகல் குண்டு அட்டையைத் துளைத்துக்கொண்டு போனது. என் மனைவி இருந்திருந்தால்கூட அப்படிப் பாராட்டியிருக்க மாட்டாள்; உங்கள் மனைவி, நான் ராத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுபவர், உள்ளே இருந்து வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கொடுத்துவிட்டார்.

பிறகுதான் கூத்து. காலையில் நீங்கள் எத்தனை தடவை ஏற்றினாலும் காற்று நிற்கவில்லை. குரங்குகள் வருவதோ காலையில். பத்து மணிக்கு மேல் அதே துவக்கு அருமையாக வேலை செய்தது. நான் பனியில் குண்டு நனைகிறது என்றேன். நீங்கள் அது சோம்பேறித் துவக்கு, வெயில் ஏறினால்தான் எழும்பும் என்றீர்கள். வாஷரை மாற்றினேன், மறுபடி எண்ணெயில் ஊறப் போட்டேன், மறுபடி அதே கதை. பல வாரம் இப்படியே போனது. ஒரு நாள் நான் காலையிலேயே வந்தபோது தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலைக் கவிழ்த்தபடி நின்றுகொண்டிருந்தீர்கள். ஒன்றும் விழவில்லை. என்னைப் பார்த்தீர்கள், போத்தலைப் பார்த்தீர்கள், துவக்கைப் பார்த்தீர்கள். "அட மடையனுகளே!" என்று நம் இருவருக்கும் சேர்த்தே சொன்னீர்கள். உள்ளே உறைந்த எண்ணெயோடு தோல் விறைத்துப்போய்க் கிடந்திருக்கிறது. ராத்தாவின் தையல் மெஷின் எண்ணெயில் ரெண்டு சொட்டு விட்டதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. சிரித்து இரைத்து, கதிரையில் உட்கார்ந்து, திரும்பவும் சிரித்தீர்கள்.

குரங்கின் மேல் சுட உங்களுக்கு மனம் வரவில்லை. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒன்று கராம்பு மரத்தில் இருந்ததைக் கண்ட நாளோடு அந்தப் பேச்சு முடிந்தது. பழைய தகர மூடிகளை மரங்களில் தொங்கவிட்டு அவற்றில் சுட்டீர்கள். டங் என்ற சத்தத்துக்குக் கூட்டம் கலைந்தது. கொஞ்ச நாளில் அவை உங்களையும் முந்திவிட்டன. தகரச் சத்தம் வரையில் காத்திருக்கவில்லை. பிடியைத் திறந்து மூடும் அந்தச் சடக் சடக் கேட்டாலே மதிலைத் தாண்டின. சுடவே வேண்டியதில்லை, ஏற்றினால் போதும் என்றாகிவிட்டது. நமக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் ஏற்றுவதற்கு மூச்சு வேண்டுமே. மழைக்காலம் வந்ததும் உங்கள் நெஞ்சு இறுகிக்கொண்டது. முன்பு கை வலித்தால்தான் நிறுத்துவீர்கள். இப்போது இரண்டாம் தடவையிலேயே கண்ணை மூடிக்கொண்டீர்கள். குரங்குகளுக்கும் அது விளங்கிற்று. மதில்மேல் உட்கார்ந்து எட்டிப் பார்க்கத் தொடங்கின. மகன் திரும்பவும் வரப்போவதாகப் போனில் சொல்லியிருந்தான். "குலையெல்லாம் போனா என்னையும் கூட்டிட்டுப் போயிருவான் தம்பி," என்று சொன்னபோது உங்கள் குரலைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை.

அன்றிரவு படுக்கையில் யோசித்ததுதான் பைப் வேலை. பிடி நீளமானால் பலம் குறைவாகப் போதும் என்பது எனக்குத் தெரியும். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வெல்டிங் கடையில் மெல்லிய இரும்புப் பைப்புத் துண்டை வளைத்து வாங்கி, பத்திரிகையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் இது என்னவென்று கேட்டார். "சிநேகிதருக்கு மருந்து" என்றேன். பிடியில் செருகி, ஸ்குரூ ஆணி போட்டு முறுக்கினேன். முற்றத்தில் நின்று நானே ஏற்றிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் கதிரையிலிருந்து எழும்பி, நின்று, நிதானமாக நாலைந்து தடவை ஏற்றினீர்கள். மதிலில் இருந்ததுகள் ஓடின. "சோக்கா ஈக்கி தம்பி! கொஞ்சமும் பாரம் தெரியல்ல," என்றீர்கள். நான் அன்று பஸ்ஸில் திரும்பியபோது வழியெல்லாம் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் படியேறி வரும்போது நீங்கள் முற்றத்தில் நின்று ஏற்றிக் காட்டுவீர்கள். அந்த வருஷம் குலைகள் மரத்திலேயே பழுத்தன. மகன் வந்து பார்த்தான், தலையை ஆட்டினான், ஒரு குலையைக் காரில் போட்டுக்கொண்டு போனான். அடுத்த வருஷமும் அப்படியே. கொழும்புப் பேச்சு பிறகு எழவில்லை. நீங்கள் உங்கள் கட்டிலில், உங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் மவுத்தானீர்கள். ஜனாஸா அடக்கத்துக்கு வந்து பள்ளிவாசல் மதிலோரம் ஒதுங்கி நின்றேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு பெருமையும் இருந்தது. நினைத்த மாதிரியே சொந்த மண்ணில் அடங்கினார், அதில் என் பைப்புக்கும் பங்கு உண்டு என்று.

கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் ராத்தாவுக்கு முடியும் வரை நான் அந்தப் பக்கம் போகவில்லை. முடிந்த பிறகு போன வாரம் போனேன். உங்கள் மகனும் இருந்தான். ராத்தாவைக் கொழும்புக்கு அழைத்துப் போக வந்திருக்கிறான். ராத்தா கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினார். அவருடைய வலது கையில் தோளிலிருந்து கட்டுப் போட்டிருப்பதாக மகன் சொன்னான். என்ன ஆயிற்று என்று கேட்டேன். 

"ஒங்களுக்கு இனிச் சொன்னா என்ன," என்றார். "கொரங்க வெரட்டத் துவக்குக்குக் காத்து அடிச்சடிச்சு வந்த நோவு. அவருக்கு அந்தப் பைப்போட ஏலாமப் போச்சு. கதிரையில இருந்து நீட்டினா கை எட்டாது. முன்னுக்குப் போயிரும். நிண்டுட்டு அடிச்சாத்தான் சரி. நிக்க மூச்சு எங்க? ரெண்டு வருஷமும் நான்தான் அடிச்ச."

"என்கிட்ட சொல்லியிருந்தா வெட்டிக் குடுத்திருப்பேனே ராத்தா. ஒரு நிமிஷ வேலைங்க."

"நானும் செல்லிப் பாத்தேன். வாணாமெண்டுட்டார். 'பஸ்ஸுல மடியில வெச்சுக் கொண்டுவந்தீக்கான், அவன்ட மனசு நோகும்' எண்டார். நீங்க வாற நேரத்துக்கு மட்டும் எழும்பி நிண்டு அடிச்சுக் காட்டுவார். நீங்க போனதும் படுத்துருவார். திங்கக்கெழம முழுக்க எழும்ப மாட்டார்."

மகன் உள்ளே போய் அந்தத் துவக்கைக் கொண்டுவந்து, விருப்பமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். உங்கள் கதிரையில் உட்கார்ந்து பிடியைத் திறந்து பார்த்தேன். கதிரைக்கை ஒரு பக்கம் தடுத்தது, முழங்கால் மறுபக்கம் தடுத்தது, பைப்பின் நுனி என் விரலுக்கு எட்டாத தூரத்தில் போய் நின்றது. உட்கார்ந்தே இருக்கிற மனிதருக்குச் செய்த சாமானை நின்றுகொண்டு சோதித்திருக்கிறேன். ஒரு ஞாயிறாவது உங்களைக் கதிரையில் இருக்கச் சொல்லி, இருந்தபடியே ஏற்றுங்கள் பார்க்கலாம் என்று கேட்டிருந்தால் போதும். துவக்கை மகனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபமும் உண்டு, நானா. என் மனம் நோகக் கூடாது என்று உங்கள் மூச்சைச் செலவழித்தீர்கள். ராத்தாவின் தோளையும் செலவழித்தீர்கள். அவ்வளவு பெறுமதி என் மனதுக்கு இல்லை. இதை நேரில் சொல்லிச் சண்டை பிடித்திருப்பேன். நீங்களும் கேலியாக ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். அந்தச் சண்டையும் இல்லாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு எப்போதும் மனம் நிறைந்திருந்தது. மறுநாள் நீங்கள் எப்படிக் கிடந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். இந்தத் திங்கட்கிழமை எல்லாரும் எழும்பி வேலைக்குப் போன பிறகும் நான் கட்டிலில் அப்படியே கிடந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழும்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான்.