உங்கள் பெயரில் வந்த கட்டுரை

காடிஸ், 1811 ஜூன்

என் அன்புக்குரியவருக்கு,

போர்முனையில் இருப்பவரிடம் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நான் நன்றியில் தொடங்குகிறேன்.

நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்துக்குப் பெண்களை விடுவதில்லை. நீங்கள்தான் தினமும் போய்க் கேட்டு வந்து, ஒவ்வொருவர் குரலிலும் எனக்குப் பேசிக் காட்டினீர்கள். அந்தத் துணிச்சலில்தான், எங்களையும் உள்ளே விடுங்கள் என்று அந்தக் கட்டுரையை எழுதினேன். பெண் பெயரில் வந்தால் சிரிப்பார்கள் என்று, அதில் போடுவதற்கு உங்கள் பெயரைக் கேட்டேன், யோசிக்காமல் கொடுத்தீர்கள்.

தோன்யா எலாதியா வீட்டு விருந்தில் உங்கள் படைப்பிரிவுக் கர்னல், "இதுதான்யா ஆம்பள எழுத்து!" என்று உங்கள் தோளைத் தட்டினார். நீங்கள் சும்மா இருந்திருக்கலாம்.

"எழுதினது என் பொண்டாட்டிங்க" என்றீர்கள்.

"அப்ப நீ என்னப்பா, வீட்டுல சட்டை தைக்கிறியா?"

"ஆமாங்க கர்னல். உங்க பொத்தான்கூடத் தொங்குது, கழட்டிக் குடுங்க."

அவரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் உங்களை முன்வரிசைப் பீரங்கி மேட்டுக்கு, நகரை முற்றுகையிட்டிருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கு நேர் எதிரே மாற்றினார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நேற்று அச்சகத்து எமெத்தேரியோ அடுத்த கட்டுரை கேட்டு வந்தார். "இதுக்கும் அவர் பேரையே போட்டுரலாமா, சென்யோரா?"

"என் பேரைப் போடுங்க."

"சிரிப்பாங்களே!"

"பத்திரிகைய வாங்கித்தானே சிரிக்கணும்?"

தலையைச் சொறிந்துகொண்டே என் பெயரைக் குறித்துக்கொண்டார். இனி கோபம் வருகிறவர்கள் நம் வீட்டுக் கதவைத் தட்டட்டும், பதில் சொல்ல நான் இருக்கிறேன். உங்கள் பெயரை நீங்களே பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

என்றும் நன்றியுள்ள,
உங்கள் மனைவி