இடது மட்கார்டின் சிவப்பு

ஐப்பசி 14, ஞாயிறு

சாயப்பட்டறை லேபுல நாளெல்லாம் ஷேடு பாக்கிற கண்ணு, ஊட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்க மாட்டேங்குது. போன மாசம் உடுமலையில வாங்கிட்டு வந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை இன்னிக்குப் பூரா பனியன் வேஸ்ட்டால துடைச்சுட்டிருந்தேன். துரு போக மிச்சமிருந்த பெயிண்ட் வெயில்ல எல்லாம் ஒரே சிவப்பு. சாயங்காலம் டியூப் லைட்டைப் போட்டதும் இடது மட்கார்டு மட்டும் கருஞ்சிவப்பாத் தனிச்சு நின்னுது; அங்க மட்டும் பின்னால அடிச்ச வேற பெயிண்ட்.

"ஒரு கீறல்கூடப் படாத வண்டிங்க, எங்க அண்ணன் தவறுனதுல இருந்து தோட்டத்துச் சாளைக் கொட்டாயிலயே நிக்குது"ன்னு சொல்லித்தான் அந்த உடுமலைத் தோப்புக்காரர் வித்தார்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். பள்ளத்தை மறைக்கப் பூசுற பட்டி விரல் தடிமனுக்கு உதிர்ந்தது. அதுக்கடியில ஒரு பெரிய பள்ளம். சுவத்துலயோ மரத்துலயோ மோதியிருந்தா தகரம் கிழிஞ்சிருக்கும். இது கிழியவே இல்ல, ஏதோ ஒரு உடம்பு மோதுன மாதிரி மெத்துனு உள்வாங்கியிருந்துச்சு.

என் சம்சாரம் சாந்தி எட்டிப் பாத்தா. "இந்த வண்டி நம்ம ஊட்டுல வேண்டாமுங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா.

மனசு கேக்காம தோப்புக்காரருக்குப் போன் பண்ணி, "மட்கார்டுல பட்டி போட்டிருக்குதுங்களே"ன்னேன். அவர் எந்த மட்கார்டுன்னுகூடக் கேக்கல.

"வேற யாருங்க பாத்தாங்க?"ன்னார்.

சாந்தி பேரை அங்க சொல்லக் கூடாதுன்னு மட்டும் தோணுச்சு.

"நான் மட்டுந்தானுங்க."

"அப்பச் சரிங்க. காலையில வர்றேன்"னு வெச்சுட்டார். அந்தக் குரல்ல இருந்த நிம்மதிதான் என்னைத் தூங்க விட மாட்டேங்குது.