எடின்பரோவில் குளம் இருந்த இடம்

வெள்ளி, இரவு

மகள் நஸ்ரினுக்கு வீடு கட்ட வயலை நிரப்பும் வேலை இன்று தொடங்கியது. காலையில் லொறியில் கிரவல் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். என் கல்யாணத்துக்கு என் உம்மா எனக்கு வீடு தந்தார். மகளுக்கு நாம் கொடுக்காமல் விடலாமா என்பது என் கணவருடைய பேச்சு.

பின்னேரம் நஸ்ரின் எடின்பரோவிலிருந்து வீடியோவில் வந்தாள். ஒரு பூங்காவில் நின்றாள். பின்னால் பாறை மேல் கோட்டை. கிரவல் கதையைக் கேட்டதும் போனைத் திருப்பிப் பூங்காவைச் சுற்றிக் காட்டினாள்.

"வாப்பா, நான் நிக்கிற இடமும் முந்தி குளம்தான்."

கோட்டைக்குக் காவலாக இருந்த குளமாம். ஊரே அதில் பல காலம் கழிவைக் கொட்டியதாம். பிறகு தண்ணீரை வடித்துவிட்டார்களாம். வசதியானவர்கள் பள்ளத்துக்கு அப்பால் புதுநகர் கட்டியபோது, அத்திவாரம் தோண்டிய மண்ணையெல்லாம் இதற்குள்தான் போட்டார்களாம். அந்த மண்மேட்டின் மேல் இப்போது பஸ் ஓடுகிறது. அதையும் காட்டினாள்.

"மண் இறங்கல்லயா?" என்று இவர் கேட்டார்.

"இல்ல வாப்பா."

இவருக்கு நிம்மதி. எனக்கு வேறு கேள்வி.

"அந்தப் பெரிய வீடுகள்ல இப்ப ஆருட மகள் இருக்காங்க?"

"கட்டினவங்கட புள்ளைகள் இல்ல உம்மா. கனக்க வீடு இப்ப ஒபீஸ். நான் வேல செய்றதும் அப்படி ஒரு வீட்டுலதான்."

மதிய இடைவேளை முடிகிறது என்று அவள் வேலைக்குத் திரும்பினாள்.

படுக்கப் போகும்போது, வாசலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று இவர் கேட்டார். கிழக்கே வையுங்கள், கடல்காற்று வரும் என்றேன். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் காற்று வேண்டும்தானே.