புருவத்தின் பேரில் ஒரு புகார்

சின்ன காஞ்சீபுரம்,
சித்திரை 28

சௌபாக்கியவதிக்கு,

இங்கே யாவரும் சௌக்கியம். யாவரும் என்றால் நான் ஒருவன்தான்.

இந்த வருஷமும் எனக்கு உத்தியோக உயர்வு இல்லை. என்னிடம் படித்தவனுக்குக் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் என்னைப் பற்றி 'ஸூபர்ஸிலியஸ்' என்று எழுதியிருந்தார். அதில் ஒரு 'எல்' அதிகம். சிவப்பு மசியால் அடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பிறரை இளக்காரமாகப் பார்க்கிறவன் என்று அர்த்தம். வேர் என்னவென்று அகராதியைப் பிரித்தேன். லத்தீனில் புருவமாம். அதைத் தூக்கிப் பார்ப்பதால் வந்த சொல். அபாண்டம் என்று கண்ணாடி முன் நின்றேன். புருவம் அசையவில்லை. எதிரே இருந்தவர் மதிக்கத்தக்கவர்.

மறுநாள் நெற்றியில் திருமண் காய்ந்துகொண்டிருக்கையில், உன் தம்பி இங்கிலீஷில் எழுதிய கடிதம் வந்தது. முதல் வரியிலேயே ஒரு பிழை; திருமண்ணின் இடது கோடு வெடித்து உதிர்ந்தது. இருபது வருஷமாக மண் மட்டம் என்று கடைக்காரனைத் திட்டியிருக்கிறேன். நீயோ தினமும் வாசலில் நிறுத்தி, பேசாமல் சரிசெய்து அனுப்பினாய்.

போன மாதம் உன் தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்தபோது, "நான் ஒரு வார்த்தை சொன்னேனா?" என்று கேட்டேன்.

"வாயால திட்டியிருந்தா பதில் சொல்லிட்டு சாப்பிட்டிருப்பான். நீங்க புருவத்தாலேன்னா திட்டினேள்!" என்று சொல்லி அவனோடு வாலாஜாபாத்துக்கு வண்டி ஏறினாய். அகராதியிலும் அதுவேதான் இருக்கிறது.

கருட சேவைக்கு அவனையும் அழைத்து வா. அவன் மோர் சாதம் முடிக்கும்வரை திருமண் வெடிக்காமல் எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

வெடித்தால் சரிசெய்ய நீ பக்கத்தில் இரு.

இப்படிக்கு,
கோணல் நெற்றியோடு பள்ளிக்கூடம் போகிறவன்