இறங்காத மேசைக்கால்

மார்ச் 4, செவ்வாய்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று முதலாளியும் பட்டறை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, நான் வடிவமைத்த மேசைக்காலின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அலுமினியக் குழாய்கள். ஒன்றில் நாக்கு போல நீட்டிய விளிம்பு, அடுத்ததில் அந்த நாக்கு ஓடப் பள்ளம். அமுக்கினால் சர்ரென்று இறங்க வேண்டும். வர்ணம் பூசி வந்த முதல் கால் இது. என் எண்பத்தாறு கிலோவுக்கும் அசையவில்லை. என் கால்சட்டைத் தையல்தான் விட்டுக்கொடுத்தது.

கால்களைப் பொருத்துகிற அக்கா சொன்னார்: "சார், எழுந்திரிக்காதீங்க. பின்னாடி எல்லாரும் நிக்கிறாங்க."

முதலாளி சிரிக்கவில்லை. "பூசறதுக்கு முன்னாடி ஓடுச்சே. இப்ப என்ன?"

இந்த வாய் இருக்கிறதே... "பூச்சைக் கனமா போட்டிருப்பாங்க" என்றது. பூச்சுக் கடைக்காரன் என் மனைவியின் தம்பி!

மார்ச் 5

வேறு பூச்சுக் கடை பார்க்கிறாராம் முதலாளி. திங்கட்கிழமை முடிவு சொல்வார். மச்சானுக்குப் பாதி வேலை எங்களிடமிருந்துதான் போகிறது.

"உங்க முதலாளிக்குத் திடீர்னு என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி. யாருக்குத் தெரியும் என்றேன்.

எழுதும் மேசை ஆடுகிறது. அடியில் மடித்துச் செருகிய காகிதம் நகர்ந்திருக்கிறது. கால் விரலால் உள்ளே தள்ளினேன்.

மார்ச் 6

பூச்சை அளந்தேன். ஒரு பக்க முகத்துக்கு 0.08 மில்லிமீட்டர், நாங்கள் கேட்ட அதே கனம். நாக்குக்கு இரண்டு முகம், பள்ளத்துக்கு இரண்டு முகம். ஆக 0.32. இரண்டுக்கும் நடுவில் நான் விட்ட இடைவெளி மொத்தமே 0.30.

பூச்சுக்கு இடம் விட மறந்தது நான். இருபத்தொரு வருட அனுபவஸ்தன்! சொல்லிவிடலாமா? சொன்னால் அந்த அக்கா நான் ஓய்வு பெறும்வரை இதையே சொல்லிக் காட்டுவார். ஆனாலும் இப்படி ஒரு நுணுக்கம் யார் கண்ணுக்குத்தான் படும்?

மார்ச் 7

சொல்லவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலை நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 8, சனி

மச்சான் வந்தான். சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"மாமா, என் மெஷின்லதான் ஏதோ கோளாறு போல. நேத்து மொத்தமும் கழட்டிப் பாத்தேன், ஒண்ணும் பிடிபடல. இடைவெளியெல்லாம் நீங்க சரியாத்தான் விட்டிருப்பீங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஒரு நடை வந்து பாக்கறீங்களா?"



"கோளாறு மெஷின்ல இல்லடா. மாமாகிட்ட."

எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் மனைவி சிரிக்கவில்லை. "நாலு நாளா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாப்பிட்டீங்க இல்ல?" என்றாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மச்சான் சொன்னான்: "பள்ளத்துல மட்டும் டேப் ஒட்டிட்டுப் பூசறேன். அந்தப் பக்கம் பூச்சே ஏறாது."

மார்ச் 10

முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.  "கால்சட்டையத் தைச்சாச்சா?" என்றார். அவ்வளவுதான். பூச்சு மச்சானிடமே இருக்கும்.

மார்ச் 12

ஓடுகிறது! பூச்சு போக மிச்ச இடைவெளி 0.14. வெண்ணெயில் கத்தி போனது போல. பூசுவதற்கு முன்பிருந்த லொடலொடப்பும் இல்லை. "நல்ல யோசனை, உங்களுதா?" என்று முதலாளி கேட்டார். என் மச்சானுடையது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி தாமதமானது. அந்த ஒரு நொடியையும் பொருத்துகிற அக்கா கவனித்துவிட்டார்.

மார்ச் 15, சனி

நாற்பது கால்கள் வண்டி ஏறின. மாதிரி மேசை ஒன்றை எனக்கே தந்தார் முதலாளி. மச்சானும் நானும் வீட்டுக்குத் தூக்கி வந்தோம்.

அவன் போன பிறகு பழைய மேசையை நகர்த்தினேன். முட்டுக் கொடுத்திருந்த காகிதம் தரையில் கிடந்தது. பிரித்தேன். மச்சானின் கையெழுத்து, ஜனவரி தேதி: "மாமா, பூச்சு ஒரு முகத்துக்கு 0.08 ஏறும். வரைபடத்தில் மறக்காமல் இடம் விடுங்கள்."

அதற்குக் கீழே என் கையெழுத்து: "தெரியும், தெரியும்."