பத்தியில் இல்லாத விடை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அதாவது யாருக்கும் காய்ச்சல் இல்லை. மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா? நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாரா?

நீ அனுப்பிய வீடியோ வந்தது. செல்போனும் சமூக ஊடகமும் இளையவர்களின் மூளையை மழுங்கடித்துவிட்டனவா என்று ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிறார். கொஞ்சம் பார்த்தேன். அதற்குள் கீழே ஒரு பூனை பியானோ வாசித்தது. பூனையை முழுவதும் பார்த்தேன். ஆகவே கோட்டுக்காரர் என்ன முடிவுக்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது. “நீ என்னண்ணா நினைக்கிற?” என்று கேட்டிருந்தாய். போனில் பதில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் காகிதம்.

என் வேலை உனக்குத் தெரியும். கல்லூரி நுழைவுத் தேர்வில், வாசித்துப் பார்த்து விடை சொல்வதற்கென்று ஒரு பத்தி வருமே, அதை எழுதுகிறவன் நான். கேள்விகளை வேறொருவர் எழுதுவார். பக்கத்துக்குள் அடங்கும்படி வெட்டுவது மூன்றாமவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கத்தரி. நான் இந்த வேலையில் சேர்ந்த காலத்தில் பத்தி என்பது இரண்டு பக்கம். பிள்ளைகள் திணறுகிறார்கள் என்று ஒரு பக்கமாக்கினோம். பிறகு அரைப் பக்கம். தேர்ச்சி விகிதம் மட்டும் குறையவே இல்லை. எங்கள் தலைவர் அதை ஆண்டுதோறும் மேடையில் சொல்லிப் பொன்னாடை வாங்கிக்கொள்கிறார்.

இந்த முறை என் மகளே தேர்வு எழுதுகிறாளே, நான் ஒதுங்கிக்கொள்ளட்டுமா என்று தலைவரிடம் கேட்டேன். “அட, நீங்க பத்திதானே சார் எழுதறீங்க, அதுல என்ன இருக்கு?” என்றார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேள்வித்தாளைத் தேர்வு முடியும்வரை கண்ணால் பார்க்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு கலங்கரை விளக்கக் காவலரைப் பற்றி எழுதியிருந்தேன். தினமும் விளக்கேற்றுகிறவர். வலசை வரும் பறவைகள் அந்த வெளிச்சத்தில் மோதிச் சாவதைப் பார்த்து, படகுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஓர் இரவு மட்டும் விளக்கை ஏற்றாமல் இருளில் உட்கார்ந்திருக்கிறார். கத்தரிக்கு அந்த இரவு நீளமாகப் பட்டிருக்கிறது. வெட்டிவிட்டார். அச்சில் வந்த பத்தியில் காவலர் எல்லா இரவும் விளக்கேற்றுகிறார், அவ்வளவுதான். ஆனால் அதைப் பற்றிய ஆறாவது கேள்வியை வெட்ட யாருக்கும் தோன்றவில்லை. “காவலர் அன்றிரவு ஏன் விளக்கை ஏற்றவில்லை?” எண்ணெய் இல்லை; உடம்பு சரியில்லை; மறந்துவிட்டார்; வெளிச்சத்தில் மோதி இறக்கும் பறவைகளைக் காப்பாற்ற விரும்பினார். இந்த நான்கில் ஒன்று.

எழுதியவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நான்காவதைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பத்தியில் பறவையே கிடையாது. ஒரு மாணவர் புகார் செய்யவில்லை, ஒரு பெற்றோர் கேட்கவில்லை, ஒரு பத்திரிகை எழுதவில்லை.

ஒரே ஒரு விடைத்தாளை மட்டும் இயந்திரம் துப்பிவிட்டது. ஆறாவது கேள்விக்கு வட்டம் நிரப்பாமல், ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: “எல்லா இரவும் ஏற்றினார் என்றுதான் இருக்கிறது. ஏற்றாத இரவு எது?”

அப்போதுதான் விஷயமே எனக்குத் தெரிந்தது. தாளை எடுத்துக்கொண்டு தலைவரிடம் ஓடினேன். கேள்வியே தவறு, இந்தப் பிள்ளை ஒன்றுதான் பத்தியைப் படித்திருக்கிறது என்றேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “கேள்வி தப்புன்னா இத்தன பேரு எப்படி சார் கரெக்டா போட்டாங்க?” என்றார். விடைத்தாளில் கிறுக்கினால் தாள் செல்லாது என்பது விதி. கத்தரி தாளைப் பார்த்துவிட்டு, “வட்டம் போடக்கூடத் தெரியல, இதெல்லாம் காலேஜுக்கு வந்து என்ன பண்ணப்போகுது?” என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். தாள் செல்லாமல் போயிற்று.

விடைத்தாளில் பெயர் இருக்காது. ஆனால் அந்த எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. என் மகளின் எழுத்தும் அப்படித்தான். அன்று பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததே தெரியவில்லை. மகள் தோற்றுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வீடு திரும்பிய தகப்பன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கூடத்தில் போனோடு படுத்திருந்தாள். ஆறாவது கேள்விக்கு என்ன போட்டாய் என்று கேட்டேன். “நாலாவது” என்றாள், தலையைத் தூக்காமல். பத்தியில் அது எங்கே இருந்தது என்றேன். “பத்தியப் போய் எவன்பா படிப்பான்? டைம் வேஸ்ட். நாலு ஆப்ஷன்ல எது நீளமோ அதான் ஆன்சர்” என்றாள். இதைப் பல லட்சம் பேர் பின்தொடரும் ஒரு பையன் அரை நிமிட வீடியோவில் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பழைய கேள்வித்தாள்களை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. தவறான விடையை எப்படியும் எழுதலாம். சரியான விடையை யாரும் குறை சொல்லாதபடி எழுதவேண்டும் என்பதால் எங்களுக்கு அது நீண்டுவிடுகிறது. பிள்ளைகள் பத்தியைப் படிக்கவில்லை, எங்களைப் படித்துவிட்டார்கள்.

ஓரத்தில் எழுதிய பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். சிரித்தாள். “யாருப்பா அந்த லூசு?” என்றாள்.

நீ கேட்டதற்கு இதுதான் என் பதில். அறிவு குறையவில்லை. என் மகளைப் போலக் கணக்குப் போட எனக்கு வராது. அந்த அறிவு வேறு எதற்கும் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். வேண்டியிருக்காதபடி தேர்வை வெட்டி வெட்டிக் கொடுத்தது, அவளைவிட வயதில் மூத்த நாங்கள், நல்ல சம்பளத்துக்கு.

முழு மதிப்பெண். நீ இருக்கும் ஊரிலேயே அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. நாளை ரயிலேறி உன் வீட்டுக்குத்தான் வருகிறாள். அவள் அம்மா பெட்டியில் போர்வையை மூன்றாவது முறையாக மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். குளிக்கப் போனால் சீக்கிரம் வரமாட்டாள், சத்தம் போடாதே. சளி பிடித்தால் சொல்லமாட்டாள், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. அத்தைக்கு என்று சொன்னபோது, “எதுக்குப்பா இவ்ளோ நீளம்? நான் அத்தைகிட்ட சுருக்கமா சொல்லிடறேனே” என்றாள். ஒரு பகலும் ஓர் இரவும் ரயில். வழியில் போனுக்கு சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. சலித்துப்போய் ஒருவேளை இதைப் பிரிக்கலாம்.

பிரித்து இந்த வரிவரை வந்திருந்தால் அவளுக்கு என்மேல் கோபம் வந்திருக்கும். பெற்ற மகளின் மானத்தை இப்படி வாங்கியதற்கு எந்தப் பெண்ணுக்கும் வரும். ஆகவே, ரயிலடியில் முதலில் அவள் முகத்தைப் பார். “அப்பா என்ன எழுதியிருக்காரு பாரு அத்த” என்று குதித்தால், எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய். சிரித்த முகத்தோடு இறங்கி, உன்னைக் கட்டிப்பிடித்து, உறையை நீட்டினால், ஒன்றும் சொல்லாதே. அவளுக்குப் பசித்திருக்கும், சாப்பிடக் கொடு.

சிரித்துக்கொண்டுதான் இறங்குவாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், தீராத கோபத்தோடு வந்து சேரவேண்டும் என்று மனமார வாழ்த்தித்தான் அவளை அனுப்புகிறேன்.

என்றும் உன் அன்புள்ள,
அண்ணன்