கால் வைக்காமல் நகரும் வண்டி

ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டு விட்டு. யார் படிக்கப் போகிறார்கள், வெட்கத்தை விட்டே எழுதுகிறேன். வண்டி நின்ற இடத்திலேயே இரைகிறது, இன்ஜின் போச்சு என்று புதுவாயல் மெக்கானிக் சீனுவிடம் அரை மணி நேரம் புலம்பினேன். பம்பு, நாசில், தெரிந்த வார்த்தை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். சீனு கதவைத் திறந்தான். ரோஜாப்பூ போட்ட கால்மிதியை இழுத்து வெளியே போட்டான். நான் ஆசையாக வாங்கிப் போட்டது. மடிந்து ஆக்ஸிலேட்டர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"இன்னா நைனா, வண்டிக்கு மெத்தை தச்சுப் போட்டுக்கீறே?"

ஷெட்டில் நாலு பேர் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஊரையே கேலி பண்ணுகிறவனுக்கு ஒரு நாள் இப்படியும் வரும்.

ஆனால் கால்மிதியை எடுத்தும் இரைச்சல் பாதிதான் குறைந்தது. நாளைக்கு வண்டியை விடச் சொன்னான்.

பதினாறு வயசு பிக்கப். எனக்கும் தங்கச்சி புருஷன் ஏழுமலைக்கும் பொது. காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் அவன். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குக் காலி டிரம் ஏற்றுகிற வேலை. சாயங்காலம் போனில் கேட்டேன், இரைச்சல் உனக்குக் கேட்கவில்லையா என்று.

"வயசான வண்டி கத்தத்தான் செய்யும் மச்சான். நீ கத்தல?"

நல்ல பதில். எனக்குத் தோன்றாமல் போச்சே.

ஐப்பசி 11, செவ்வாய்

தூறல். நாஷ்டா இல்லை. சீனு ஷெட்டில் மத்தியானம் வரை.

பார்த்தது:
ஆக்ஸிலேட்டர் கேபிள். துரு. புதுசு போட்டாச்சு.
பெடல் ஸ்பிரிங். நன்றாக இழுக்கிறது.

அப்புறம் கேபிளையே பம்பிலிருந்து கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினான். இப்போது பெடலுக்கும் இன்ஜினுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அப்படியும் அதே இரைச்சல்.

"அப்ப பெடல் மேல பழி இல்ல நைனா. பம்புலதான் கீது."

டார்ச் அடித்துக் காட்டினான். பம்பு முழுக்கப் பதினாறு வருஷத்து டீசல் அழுக்கு. அதில் ஒரு நட் மட்டும் பளபள.

"வண்டி சும்மா நிக்கசொல்ல இன்ஜின் எவ்ளோ ஓடணும்னு வெக்கிற ஸ்க்ரூ இது. எவனோ ஏத்தி வெச்சிக்கீறான். நான் இல்லபா."

இறக்கி வைத்தான். இன்ஜின் மூச்சு அடங்கியது. இரண்டு மணிக்கு ஏழுமலையிடம் சாவி.

ஐப்பசி 12, புதன்

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பழைய இரைச்சல். நட்டில் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல். நேற்று மத்தியானத்துக்கு மேல் ஓட்டினது ஒருத்தன்தான்.

ஏன்? பேட்டரி வீக்கா? காது மந்தமா? டீசலைக் கரைக்க ஆசையா? கேட்டால் பேச்சை மாற்றுவான். கையும் களவுமாகப் பிடித்து நாலு பேர் முன்னால் கேலி பண்ணலாம் என்று முடிவு. மத்தியானம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் கம்பெனி கேட் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன்.

கேட்டில் வண்டி வரிசை. மற்ற வண்டிகள் உறுமி நகர்ந்து, நின்று, மறுபடி உறுமல். நம்ம வண்டி மட்டும் தானாக, வண்டிமாடு மாதிரி. கிளட்ச்சை விட்டால் போகிறது, மிதித்தால் நிற்கிறது. வலது காலுக்கு வேலையே இல்லை. சோம்பேறிப் பயல், என்ன மூளை என்று நினைத்தேன்.

கேட் பாஸ் வாங்க இறங்கினான். சேற்றில் வலது செருப்பு மாட்டிக்கொண்டது. அவன் பாட்டுக்குப் போகிறான். பத்தடி.

"மாப்ள! ஒத்தைச் செருப்புல இன்னா வேண்டுதல்?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஏழுமலை நின்று, குனிந்து காலைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

செருப்பை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். வழியில் லேத்துப் பட்டறைக்காரன் கொட்டின இரும்புச் சுருள். அவன் உள்ளங்காலில் ஒன்று ஏறி நிற்கிறது. ரத்தம்.

"வலிக்கல?"

"எது?"

ஆறு மாசமாகக் கட்டை மாதிரி நடக்கிறான் என்று கேலி பண்ணியிருக்கிறேன். கல்யாண வீட்டில் நடந்துகூடக் காட்டினேன்.

வண்டிக்குள் உட்கார்ந்து சொன்னான். "சக்கரை மச்சான். மரத்துப் போச்சு. எவ்ளோ அழுத்தறேன்னு தெரில. ஒரு தபா முன்னாடி நின்ன வண்டிய இடிக்கப் பாத்துட்டேன். அதான் ஸ்க்ரூவ ஏத்திக்கினேன். வரிசைல அழுத்த வேணாம் பாரு."

"பிரேக்கு?"

"குனிஞ்சு பாத்து வெக்கிறேன்."

ஷிப்ட் விட்ட நேரம். கம்பெனிப் பெண்கள் குடை பிடித்து வண்டிக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். சாவியை எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி 13, வியாழன்

விடியலிலிருந்து மழை. தங்கச்சி செல்வி வந்தாள். நனைந்து.

"அண்ணே, நேத்துலேர்ந்து அது சோறு துன்னல. சாவிய குடுத்துடு."

"கால் விஷயம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ஓட்றேன்னு சொல்ற ஆளை இன்னா பண்ண? சின்ன வயசுலேர்ந்து ஸ்டீரிங்குதான். அதப் புடுங்கிட்டா ஊட்ல உக்காந்து செவுத்தையே பாக்கும்."

"எவளாச்சும் அடிபட்டா, அந்த ஊட்டு வாசல்ல போய் நீ நிப்பியா?"

சொல்லியிருக்க வேண்டாம். சொல்லாமலும் இருக்க முடியாது. அழுதுகொண்டே போனாள். வண்டி எடுக்கவில்லை.

ஐப்பசி 14, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. ஏழுமலையைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வர மாட்டேன் என்றவனிடம், டாக்டர் ஓட்டலாம் என்று சொன்னால் சாவி உனக்கு என்றேன். அதை நம்பி வந்தான். அந்தப் பாவம் எனக்கு.

டாக்டரம்மா சின்ன வயசு. அவனைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே குத்தினார். குத்தும்போது சொல்லுங்கள் என்றார். இவன் சும்மா படுத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து,

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

போன உணர்ச்சி திரும்புவது கஷ்டமாம். இருக்கிற காலைக் காப்பாற்றப் பார்க்க வேண்டுமாம். புண்ணுக்கு மருந்து, தினம் கால் பார்க்க ஒரு கண்ணாடி. வண்டி ஓட்டவே கூடாது.

திரும்பும்போது அவன் இடது சீட்டில். நான் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் குனிந்து என் காலைப் பார்த்தான்.

"நாளைலேர்ந்து நீ லோடு பாரு, கேட் பாஸ் பாரு. நான் ஓட்றேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம்."

"கிளீனரா?"

அந்த வார்த்தை அவனுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஐப்பசி 15, சனி

மேகம். மழை இல்லை. சீனு ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே இறக்கி, நட்டுக்கு மேல் சிவப்புப் பெயின்ட் ஒரு பொட்டு. யாராவது தொட்டால் தெரியுமாம். ஏழுமலை பார்த்துக்கொண்டு நின்றான். தொடப் போகிறவன் யாரும் இல்லை இப்போது.

இறக்கி வைத்த இன்ஜின் வேகத்துக்கு என் கால் பழகவில்லை. கூடின வேகத்திலேயே ஓட்டிக் கெட்டுவிட்டது போலிருக்கிறது. புதுவாயல் ஜங்ஷனில் கிளட்ச்சை விட்டதும் வண்டி ஆஃப். பின்னால் ஹாரன். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப்.

"நான் ஓட்டியிருந்தா ஆஃப் ஆயிருக்காது மச்சான்."

"ஆமா மாப்ள."

மூன்றாம் முறை நன்றாக அழுத்திவிட்டேன். வண்டி எகிறிப் போய் நின்றது. பின்கதவுக் கொண்டியை அவன் போட்டிருப்பான் என்று நான். நான் போட்டிருப்பேன் என்று அவன். தனித்தனியாக ஓட்டின பழக்கம். கதவு திறந்து ஒரு நீல டிரம் இறங்கி, ரோட்டைக் கடந்து, டீக்கடைக்குள் போய்ப் பால் குண்டானைக் கவிழ்த்தது. எருமைப் பாலாம், கடைக்காரன் விலை கூடக் கேட்டான். டிரம்முக்குச் சேதம் இல்லை.